சாம்பல் கோட்டுக்கு அப்பால் ஒரு முழம்

சென்ற மாதம் நம் முதியோர் ஐக்கியக் கூட்டத்தில் இளம் போதகர் ஒரு கேள்வி கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "இன்னிக்கே கண்ண மூடினாலும் நேரா பரலோகம்தான்னு நிச்சயம் இருக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார். எல்லோரும் தூக்கினீர்கள். பக்கவாதம் வந்த நம் பழைய பொருளாளர் இடக்கையால் வலக்கையைப் பிடித்து உயர்த்தினார். நானும் தூக்கினேன்.

எனக்கு நிச்சயம் இருக்கவில்லை. அறுபது வருடமாக இருந்ததில்லை. இத்தனைக்கும் இதே கூட்டத்தில் கிருபையைப் பற்றிப் பாடம் எடுத்தவன் நான். உங்களில் சிலர் அதைக் கேட்டு அழுதிருக்கிறீர்கள். எழுந்து நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். கூட்டத்தில் யாராவது வாசியுங்கள்.

எனக்குப் பதின்மூன்று வயது. நீலகிரியில் குந்தா பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்பா மருந்தகக் கம்பவுண்டர். எங்கள் சர்ட்டு, தலையணை எல்லாவற்றிலும் மருந்தக ஸ்பிரிட் வாசனையோடு, ஃபாக்டரியில் வறுபடும் இலையின் வாசனையும் கலந்திருக்கும். ஃபாக்டரிக்குக் கீழே ஒரு சமதளம் இருந்தது. மலையில் சமதளம் கிடைப்பது அபூர்வம் என்பதால் அதை யாரும் வேறெதற்கும் கேட்பதற்குள் உபதேசியார் எஸ்டேட் துரையிடம் கெஞ்சி வாங்கிக் கால்பந்து மைதானம் ஆக்கிவிட்டார்.

உபதேசியார் திருநெல்வேலிக்காரர். சபையில் ஜெபம் நடத்துவார், ஞாயிறு பள்ளி நடத்துவார், மாலையில் விசில் ஊதுவார். கற்பூர மரக் கம்புகள்தான் கோல் கம்பங்கள். வலை கிடையாது. சுண்ணாம்புக்கு எங்கே போவது? ஃபாக்டரி அடுப்புச் சாம்பலைப் பழைய பிஸ்கட் டின்னில் அள்ளி வந்து, அவரே குனிந்து கோடு போடுவார். ஈரம் பட்டதும் அந்தச் சாம்பல் பிசைந்த மாவு மாதிரி தரையில் ஒட்டிக்கொள்ளும். பந்து ஒன்றுதான். கயிறு கட்டிய தோல் பந்து. மழையில் ஊறக் கூடாது என்று ஆட்டுக் கொழுப்பு தடவி வைத்திருப்பார். அந்தப் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் இரண்டு நாளைக்குச் சர்ட்டில் கொழுப்பு நாற்றம் போகாது. பின்னாளில் அந்தப் பந்து எங்கே போனது என்று எத்தனையோ பேரிடம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

அந்த மைதானத்துக்கென்று ஒரு சட்டம் இருந்தது. வேறெங்கும் நான் அதைக் கேள்விப்பட்டதில்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறினால் நடுவில் நிற்பவருக்குக் கோல் கம்பம் தெரியாது. அப்போது பந்து உள்ளே போனதா இல்லையா என்று யார் சொல்வது? உபதேசியார் விசிலை வாயில் வைத்தபடியே ஓடிவந்து கீப்பரைக் கேட்பார். "உள்ளயா, வெளியயா?" கீப்பர் சொல்வதுதான் தீர்ப்பு. மறுபேச்சு இல்லை. சத்தியம் செய்வது பாவம், சொன்ன சொல்லே போதும் என்பது எங்கள் சபையின் வழக்கம். அதை அப்படியே ஆட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். இந்த மைதானத்தில் இதுவரைக்கும் பொய் சொன்ன கீப்பர் கிடையாது என்று மற்ற எஸ்டேட்காரர்களிடம் பெருமை பேசுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பருவத்தின் முதல் நாள் ஆலயத்துப் பின்கதவில் சாக்கட்டியால் மேல் டிவிஷன் பன்னிரண்டு பேர், கீழ் டிவிஷன் பன்னிரண்டு பேர் பெயர்களை எழுதுவார். கிறிஸ்துமஸ் வரை ஒரு பெயரும் அழியாது. எவ்வளவு மோசமாக ஆடினாலும் சரி. பன்னிரண்டாவதாக இருந்தவன் களத்தில் இறங்கவே மாட்டான். மேல் டிவிஷனுக்கு நான் கீப்பர். போன வருடம் நாங்கள் ஜெயித்தபோது ஆளுக்கொரு எனாமல் குவளை கொடுத்தார்கள். அவனுக்கும் ஒன்று. பெரிய பையன்களுக்குப் பொறுக்கவில்லை.

"அய்யா, அவன் கால்ல பந்தே படலீங்களே?"

"ஜெயிச்சது யாருலே?"

"டீமுங்க."

"அவன் யாரு?"

"டீமுங்க."

"பெறவு என்ன? போ, போய்க் கொவளையில காப்பி குடி."

ஞாயிறு பள்ளியில் இரட்சிப்பைப் பற்றி அவர் சொன்னதும் இதுதான். "இடம் கெடைக்கணும்னு ஆடாதிய. இடம் கெடச்சாச்சுன்னு ஆடுங்க. பேர எழுதினவரு அழிக்க மாட்டாரு." யாரோ குறும்பாக, "அப்ப ஆடாமயே இருந்துக்கலாமுங்களா?" என்று கேட்டான். "இருந்து பாரு. பேரு இருக்கவனுக்குக் காலு சும்மா இருக்குமாலே? அரிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் நம்பவில்லை.

ஏனென்றால் வீட்டில் அப்பா வேறொரு பாடம் நடத்திக்கொண்டிருந்தார். குன்னூரில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளி, எங்கள் எஸ்டேட்டிலிருந்து ஒரு பையனை இலவசமாகச் சேர்த்துக்கொள்வதாக எழுதியிருந்தது. விளையாட்டுத் திறமையும் நன்னடத்தையும் உள்ளவனாக இருக்க வேண்டும். எந்த மதமானாலும் சரி. சபைக் கமிட்டி பெயரைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். அப்பா அந்தக் கமிட்டியில் இருந்தார்.

"கண்ணு, கதவுல பேரு இருந்தாப் பத்தாது. கடுதாசில இருக்கோணும்" என்றார். "போன வாரம் நாலு கோல் உட்டயாமா? ஆஸ்பத்திரிக்கு வர்றவன் போறவனெல்லாம் என்னையக் கேக்கறான். இனி ஒண்ணு உட்டீன்னா அந்தக் கப்பல்காரப் பையன்தான் குன்னூருக்குப் போவான். நீ இங்கயே பாட்டில் கழுவு."

கப்பல்காரப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பங்களில் ஒன்று, அந்த வருடம்தான் எங்கள் கீழ் லைனில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியேறியது. அவர்கள் லைன் வீட்டை லயம் என்பார்கள். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. என் வயதுதான் அவனுக்கும். சூ கிடையாது. வெறுங்காலில் அந்தக் கல் போன்ற பந்தை அடிப்பான். இந்துப் பையன். ஞாயிறு பள்ளிக்கும் வந்து கடைசி வரிசையில் உட்காருவான். பந்துக்காகத்தான் வருகிறான் என்று கமிட்டிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். உபதேசியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீழ் டிவிஷன் பட்டியலில் முதல் பெயராக எழுதினார்.

அவன் பந்துக்காக ஒரே இடத்தில் காத்து நின்றால் நாங்கள் கத்துவோம். "ஏய் கப்பலு, நங்கூரம் போட்டுட்டயா?"

"ஆமா. ஒன் கோலுக்குள்ளதான் போடுவேன், பாத்துக்கிட்டே இரு" என்பான். சொன்னபடியே போடுவான். அந்த நான்கு கோல்களில் மூன்று அவனுடையவை.

இறுதி ஆட்டம் டிசம்பர் தொடக்கத்தில் நடந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தோம். சமநிலையில் முடிந்தால் போன வருடம் ஜெயித்தவர்களிடமே கோப்பை இருக்கும் என்பது விதி. அது நாங்கள்தான். ஆக, நேரம் ஓடினால் எனக்குப் போதும். அம்மா பின்னிய கம்பளிக் கையுறை நனைந்து கல்லாகக் கனத்தது. பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறியது. முதலில் சில்வர் ஓக் மரங்கள் மறைந்தன, பிறகு எதிர்க் கோல் கம்பம், அப்புறம் எங்கள் பேக் ஆடுகிறவனின் முதுகும் தெரியாமல் போனது. சத்தம் மட்டும்தான் கேட்டது. ஈரத்தில் ஓடும் கால்கள், யாரோ இருமுவது, பிறகு பந்தில் வெறுங்கால் படும் 'தொப்' என்ற ஒலி.

பந்து மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு என் இடப்பக்கம் தாழ்வாக வந்தது. நான் விழுந்தேன். விரல் நுனியில் பட்டுப் பின்னால் போயிற்று. திரும்பிப் பார்த்தேன். சாம்பல் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழத்தில் நின்றிருந்தது. கோட்டின் குறுக்கே பந்து உருண்ட தடம் தெளிவாக விழுந்திருந்தது.

யோசித்துச் செய்தேன் என்று சொல்லவும் முடியவில்லை, யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லவும் முடியவில்லை. கையை நீட்டிப் பந்தை இழுத்து மார்போடு அணைத்தேன். எழுந்தேன். அந்தத் தடத்தை என் கேன்வாஸ் சூவால் இரண்டு தரம் தேய்த்தேன்.

பத்தடிக்கு அப்பால் மூட்டத்துக்குள்ளிருந்து, "கோல்! உள்ள போயிருச்சு!" என்று அவன் குரல் வந்தது. உபதேசியார் ஓடிவந்தார். மூச்சு வாங்க என் முன்னால் நின்றார்.

"உள்ளயா, வெளியயா?"

"வெளியங்க."

அவ்வளவுதான். ஒரே சொல். அதற்கு மேல் எங்கள் மைதானத்தில் யாரும் பேசியதில்லை. கப்பல்காரப் பையனுக்கு அந்த அடக்கமெல்லாம் பழகவில்லை. அவன் உபதேசியாரின் கையைப் பிடித்துக்கொண்டான். "இல்லங்க அய்யா! உள்ளதாங்க! அவன் இழுத்திருக்கானுங்க!" என்று கதறினான். ஆட்டம் அத்தோடு நின்றது.

ஆலயத்துப் பின்கதவுக்கு முன்னால் கமிட்டி கூடியது. அவன் அம்மா கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே ஓடிவந்தாள். ஒல்லியான பெண். தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எம் மவன் பொய் பேச மாட்டான் சாமி" என்றாள். மகன் முன்னால் தலையைத் தாழ்த்திக் காட்டினாள். "என் தலையில கைய வச்சு சொல்லுடா."

அவன் வைத்தான். ஈரச் சாக்கின்மேல் அந்தச் சிறிய கை பட்டது. "அம்மா மேல சத்தியமா உள்ளதாங்க."

கமிட்டிக்காரர்கள் முகம் சுளித்தது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. அவர்கள் ஊரில், அவர்கள் லயத்தில், அதைவிடப் பெரிய சான்று வேறில்லை. எங்கள் ஆட்களுக்கோ அதைவிடப் பெரிய குற்றம் வேறில்லை. அப்பாதான் பேசினார்.

"பாத்தீங்களா உபதேசியாரே? நெசத்தச் சொல்றவனுக்கு எதுக்குங்க சத்தியம்? எம் பையன் ஒரே வார்த்தைல சொன்னானுங்க. இவன் பெத்தவ தலைமேலயே அடிக்கறான். இவனை நன்னடத்தைன்னு எழுதி அனுப்பறதுங்களா?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு நல்ல வழக்கத்தை அளவுகோலாக எடுத்து, அதைக் கேள்விப்பட்டே இராத ஒருவனை அளந்துவிட்டார்கள். உபதேசியார் கோல் பக்கம் நடந்து போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது. அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். நேராக, அறுபடாமல் அவர் போட்ட கோட்டில் ஒரு சாண் நீளம் அழிந்திருந்தது. வெகு நேரம் குனிந்தே நின்றார். பிறகு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து, ஒரு பிடி சாம்பலை அள்ளி, அந்த இடைவெளியை நிரப்பிவிட்டுத் திரும்பினார்.

கடிதத்தில் என் பெயர் போயிற்று.

ஜனவரியில் தகரப்பெட்டியோடு குன்னூர் விடுதிக்குப் போனேன். படிப்பு, பட்டம், கல்லூரி வேலை, ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து வந்தவை. 'இலவச இடத்துப் பையன்' என்று வார்டன் என்னை அறிமுகம் செய்வார். அந்த வார்த்தையை ஆலயத்தில் கேட்கும்போதெல்லாம், கிருபை இலவசம் என்று பிரசங்கியார் சொல்லும்போதெல்லாம், நான் பாட்டுப் புத்தகத்துக்குள் குனிந்துகொள்வேன். பங்குனியில் அப்பாவின் கடிதம் வந்தது. வீட்டுச் செய்திகளுக்கு நடுவே ஒரு வரி: கப்பல்காரப் பையனின் அம்மா காமாலையில் இறந்துபோனாள், மருந்துக்கும் கேட்கவில்லை. அதை வாசித்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பி அடுத்த பக்கம் படித்தேன்.

என் முப்பத்தைந்தாம் வயதில், கோயம்புத்தூரில் மகள் வீட்டில் படுத்திருந்த உபதேசியாரைப் பார்க்கப் போனேன். எழ முடியாத நிலை. மகள் காப்பி போட உள்ளே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கோடு அழிஞ்சிருந்துச்சுலே" என்றார்.

நான் தலை குனிந்தேன்.

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஒம் பேர அழிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அது எரக்கம்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா இன்னொருத்தன் எலையில இருந்து எடுத்துல்லா ஒனக்கு வச்சிருக்கேன்! அது எப்படிலே கிருபையாவும்? கொடுக்கிறவன் தன் கையில இருந்துல்லா கொடுக்கணும்." என் மணிக்கட்டை விட்டார். "அவனப் போய்ப் பாரு."

போகிறேன் என்றேன். போகவில்லை. நண்பர்களே, இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே வெட்கமானது. அந்த ஒரு சொல் பயந்த சிறுவனின் சொல். இடம் நிச்சயம் என்று நம்பியிருந்தால் அவனுக்குப் பொய் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அதற்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது வருடம் போகாமல் இருந்தது பெரிய மனிதனுடைய கணக்கு. தேவன்தான் மன்னித்தாயிற்றே, இனி அவனிடம் எதற்கு என்று எனக்கு நானே பாடம் எடுத்துக்கொண்டேன். மூட்டத்தில் ஒளிந்ததைப் போலவே கிருபைக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டேன்.

உங்களோடு கை தூக்கிய அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை. பழைய எஸ்டேட்டில் விசாரித்தேன். கப்பல்காரப் பையனின் குடும்பம் அப்போதே சேரங்கோடு பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு மாறிப்போயிற்றாம். மறுநாள் காலை முதல் பஸ். ஊட்டியில் மாறி, பைக்காராவில் படகுக்கு நிற்கும் கூட்டத்தைத் தாண்டி, கூடலூர் இறக்கத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மதியம் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டிலும் துணிச்சுற்று. கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தார்.

"கம்பவுண்டர் மகன்தானே? கீப்பரு?"

மருமகள் எட்டிப் பார்த்து, "யாரு மாமா?" என்றாள்.

"கூட ஆடுனவரு" என்றார். "தேத்தண்ணி போடும்மா."

தேநீர் வந்தது. ஆறவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். பந்து உள்ளே போயிற்று, நான்தான் இழுத்தேன், தடத்தைத் தேய்த்தேன், வெளியே என்று பொய் சொன்னேன், உங்கள் இடத்தில் நான் படித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மன்னித்தேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

அவர் இரண்டும் செய்யவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து முன்னால் சாய்ந்தார்.

"உள்ளதான் போச்சா?"

"உள்ளதான் போச்சு."

"உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பார்த்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம்."

"நான் பாக்கலங்க" என்றார். "மூட்டத்துல எங்க பாக்குறது? காலுல பட்ட விதத்த வச்சு சொன்னேன். அம்மா தலையில கை வச்சேன். மூணு மாசத்துல அம்மா போயிட்டா. லயம் பூராவும் பொய்ச் சத்தியம்னுச்சு. எங்கப்பா சாகுற வரைக்கும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. நானும் மொதல்ல இல்லைன்னுதான் சொன்னேன். போகப் போக... பத்தடி தூரம், ஒண்ணும் தெரியல, ஒருவேளை வெளியதான் போயிருக்குமோன்னு..." அவர் தன் வலக்கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "இந்தக் கையி. இன்னிக்கும் பேரப் புள்ளைங்க தலையில நான் இத வைக்கிறதில்லைங்க."

இத்தனை வருடம் என் நிச்சயத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். அவருடையதை என் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். ஒரே சொல்தான். எந்த நாளிலும் போய்ச் சொல்லியிருக்கலாம்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

அப்போது அவர் மனைவி ரேஷன் பையோடு படியேறி வந்தார். கணவரின் கன்னம் நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். "என்னாங்க ஆச்சு? யாரு இவரு?"

நான் யார் என்று இப்போது கணவருக்குத் தெரியும். என்ன சொன்னாலும் தகும். அரிசிப் பையை வாங்கி வைக்கும் சாக்கில் எழுந்து நின்றேன், போய்விடலாம் என்று.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கூட ஆடுனவரு" என்றார். "பந்து உள்ளதான் போச்சாம், புள்ள. உக்காரச் சொல்லு, சாப்புட்டுத்தான் போவாரு."